ஐரிஸ் இல்லாத ஊரில் நீலாம்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீமெந்துத் தொட்டி, உடைந்த குளியல் தொட்டி, பிளாஸ்ரிக் பேசின் என்று எங்கள் வளவில் பதினான்கு பாத்திரங்களில் ஆம்பல் நிற்கிறது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்கிறவர்களும் தொலைபேசிக்குப் படம் அனுப்பிக் கேட்கிறவர்களும் அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போடுகிறேன். பலர் யூடியூப்பில் ஐரிஸ் பூக்களைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திருகோணமலையில் ஐரிஸ் வளருமா?

நீங்கள் படத்தில் பார்த்தது தாடி ஐரிஸ். கீழ் இதழில் கம்பளிப்புழு படுத்திருப்பது போல ஒரு வரி ஓடுமே, அதுதான் தாடி. அது இங்கே சரிவராது. கிழங்கை நட்டால் இலை விடும், பிறகு அடியிலிருந்து அழுகும். பூப்பதற்கு அதற்குக் குளிர்காலம் வேண்டும். நமதோ மார்கழி வாடையிலும் போர்வை தேடாத ஊர். ஐரிஸ் பேரினத்தின் முந்நூறுக்குக் கிட்டிய இனங்கள் வடக்குக் கோளத்தின் மிதமான நாடுகளுக்கு உரியவை. இலங்கைக் காட்டில் தானாக முளைத்த ஐரிஸ் ஒன்றும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. விசிறி மாதிரி இலை, செம்மஞ்சள் இதழில் சிவப்புப் புள்ளி, காய் வெடித்தால் உள்ளே பளபளக்கும் கறுப்பு மணிகள். இப்படி ஒரு செடி சில வீடுகளில் நிற்கும். அதை நெடுங்காலம் பெலம்கண்டா என்ற தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு, 2005-இல் ஐரிஸ் டொமெஸ்டிகா என்று ஐரிஸுக்குள் சேர்த்துவிட்டார்கள். அதுவும் சீனா, இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளிதான். ஐரிஸ் ஆசை தீரவில்லை என்றால் அதை நடுங்கள், இங்கே நன்றாகவே பூக்கும்.

அப்படியென்றால் ஐரிஸ்காரரின் கதை நமக்கு எதற்கு?

பூவோடு பூவைச் சேர்த்து விதை எடுக்கிற இந்த வேலையை நான் கற்றுக்கொண்டதே ஐரிஸ் வளர்க்கிறவர்களைப் பார்த்துத்தான். மிசிசிப்பி ஆறு கடலில் விழுகிற லூசியானா மாநிலம் முழுக்கச் சதுப்பு. அங்கே சேற்றில் கால் வைத்து நிற்கிற சில ஐரிஸ் இனங்கள் இருக்கின்றன. 1920களில் நியூயோர்க் தாவரவியல் பூங்காவின் ஜோன் கங்கல் ஸ்மோல் என்ற அறிஞர் அந்தப் பூக்களைக் கண்டு மயங்கிவிட்டார். சிவப்பு, செம்பு, ஊதா, வெள்ளை என்று கண்ட நிறத்துக்கெல்லாம் ஒரு பெயர் வைத்து, எண்பதுக்கு மேற்பட்ட புதிய இனங்களை எழுதிவைத்தார். 1935-இல் பேர்சி வியோஸ்கா என்ற உள்ளூர் இயற்கை ஆய்வாளர் அதை மறுத்தார். இவற்றில் பெரும்பாலானவை இனங்களே இல்லை, சில இனங்கள் சதுப்பில் தாமாகக் கலந்து பெற்ற பிள்ளைகள் என்றார். அவர் சொன்னதுதான் நின்றது.

அதே காலத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரம் சதுப்பை வடித்து, நிரப்பி, வீடு கட்டிக்கொண்டு போனது. ஊர்ச்சனங்கள் சாக்கும் மண்வெட்டியுமாகப் போய், புல்டோசர் வருவதற்கு முன் கிழங்குகளை அள்ளி வந்து வீட்டு முற்றத்தில் நட்டார்கள். 1941-இல் லாஃபயெட் நகரில் அதற்கென்று ஒரு சங்கமும் தொடங்கினார்கள். அபவில் என்ற ஊருக்குப் பக்கத்தில் மட்டும் நின்ற ஒரு சிவப்பு ஐரிஸ் 1966-இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. 1990-இல் லூசியானா தன் மாநிலக் காட்டுப்பூவாக ஐரிஸையே அறிவித்தது.

இந்தக் கதையை வாசித்தபோது எனக்குத் தம்பலகாமத்து வயலோரக் குட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. நம்மிடமும் சேற்றில் நிற்கிற ஒரு பூ இருக்கிறது. நம்மிடமும் பெயர்க் குழப்பம், கலப்புக் குழப்பம் எல்லாம் இருக்கிறது. சாக்கு எடுத்துக்கொண்டு போன ஆட்கள்தான் இல்லை.

நீலாம்பல், நெய்தல், குவளை, அல்லி எல்லாம் ஒன்றா?

இந்தக் கேள்வியில் தமிழ் வாத்தியாரும் தாவரவியல் வாத்தியாரும் சண்டைபிடிப்பார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் ஆம்பலும் குவளையும் நெய்தலும் தனித்தனியாகவே வருகின்றன. அந்தக் காலத்து ஆள் மூன்றையும் பிரித்தறிந்திருக்கிறார். பிற்காலத்தில் நிகண்டும் பேச்சும் அவற்றை ஒன்றாகக் குழைத்துவிட்டன.

நான் இங்கே இப்படிப் புழங்குகிறேன். பகலில் விரிகிற இளநீலப் பூ நீலாம்பல். அதையே நெய்தல் என்றும் சொல்வேன். தாவரவியலில் அது நிம்பேயா நௌச்சாலி, பழைய நூல்களில் ஸ்டெல்லாட்டா. பொழுதுபட விரிந்து காலை வெயில் ஏறக் கூம்புகிற வெள்ளைப் பூ அல்லி, அதாவது நிம்பேயா பியூபெசென்ஸ். அதன் இலையைத் திருப்பித் தடவினால் மென்மயிர் கையில் படும். சிங்களத்தில் முதலாவது மானெல், இரண்டாவது ஓலு. தாமரைக்கு இந்த இரண்டோடும் உறவே கிடையாது. இலையும் பூவும் தண்ணீருக்கு மேலே ஓங்கி நிற்கும், நடுவில் சல்லடை மாதிரிப் பொகுட்டு இருக்கும். குடும்பமே வேறு.

கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தத் திணைக்குப் பெயர் கொடுத்த பூ உப்புத்தண்ணியில் வளராது. கரைக்குச் சற்று உள்ளே, மழைத்தண்ணி தேங்குகிற நல்ல தண்ணீர்க் குட்டையில்தான் நிற்கும். நிலாவெளிப் பக்கம் மணல்மேட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு குட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தத் திணைப் பெயர் விளங்கியது.

இதுதானே இலங்கையின் தேசிய மலர்? கோயில் வாசலில் விற்கிற ஊதாப்பூவும் இதுதானா?

முதல் கேள்விக்கு ஓம். 1986-இல் அறிவித்தார்கள். கந்தளாய்க் குளம் சித்திரையில் கட்டுடைத்ததும் அதே ஆண்டுதான் என்பதால் எங்களுக்கு அந்த ஆண்டு மறக்காது.

இரண்டாவதற்கு இல்லை. பல ஆண்டுகளாகப் பாடப்புத்தகத்திலும் சுவரொட்டியிலும் தேசிய மலர் என்று அச்சானது அடர் ஊதாப் பூ ஒன்று. பார்க்க எடுப்பாக இருக்கும், படத்துக்கு நன்றாக விழும். பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் அதை ஆராய்ந்து, அது நம் நாட்டு இனமே அல்ல, வெளியிலிருந்து வந்த கலப்பினம் என்று காட்டினார்கள். 2017-இல் அதற்கு நிம்பேயா எரங்கே என்று தனிப் பெயரும் வந்தது. அழகாக இருப்பதால் ஆட்கள் பிடுங்கிப் பிடுங்கி நட்டார்கள். அது குளம் குளமாகப் பரவி, உண்மையான நீலாம்பலை ஓரத்துக்குத் தள்ளியது.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் மூன்று வருடம் நான் பெருமையாக வளர்த்தது அந்த ஊதாவைத்தான்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். நீலாம்பல் சிறியது, வெளிறியது. வானத்தைத் தண்ணீரில் கரைத்தது போல ஒரு நீலம், சிலதில் வெள்ளைக்கே கிட்டிவிடும். இதழ் குறைவு, பெரும்பாலும் பத்துக்கும் பதினாறுக்கும் இடையில் எண்ணி முடிக்கலாம். ஊதாக் கலப்பு அடர் நிறம், இதழ் நெருக்கம். இன்னொரு குறிப்பு: இலையும் காம்பும் சேர்கிற இடத்தில் குட்டிச் செடி முளைத்தால் அது நம் நீலாம்பல் இல்லை. ஆப்பிரிக்காவின் மைக்ராந்தா என்ற ஆம்பலுக்கும் அதன் வழி வந்த கலப்புகளுக்கும் உள்ள குணம் அது. ஆனால் குட்டி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நிறத்தைத் தொலைபேசிப் படத்தில் நம்பவே வேண்டாம். கமரா நீலத்தை ஊதாவாக்கிவிடும். இதழ்களை எண்ணி எழுதி அனுப்புங்கள்.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

மாரி ஓய்ந்த பிறகு, தை தொடங்கிப் பங்குனி வரை நல்ல காலம். குளங்கள் வான் பாய்ந்து அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். கந்தளாய், முதலிக்குளம் போன்ற பெருங்குளங்களைவிட, பன்குளம், தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்துச் சிறுகுளங்களின் அலைகரையோரம் தேடுங்கள். பகல் ஒன்பது மணிக்குப் பிறகு போங்கள். விடியப் போனால் மொட்டைத்தான் பார்ப்பீர்கள். பின்னேரம் நாலு மணிக்குள் திரும்பக் கூம்பிவிடும்.

கரையில் நின்று பாருங்கள். நம் குளங்களில் முதலை இருக்கிறது. பூவுக்காக இறங்கவேண்டாம் என்று எழுதவேண்டியிருப்பதே எனக்குக் கவலை.

குளத்திலிருந்து செடியைப் பிடுங்கி வரலாமா?

வனத்துறை, வனஜீவராசிகள் எல்லைக்குள் இருக்கிற குளத்தில் கைவைக்கவே கூடாது. 1937-ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வயற்குளம் என்றால் வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கிற வட்டவிதானையைக் கேளுங்கள். அநேகமாகச் சிரித்துக்கொண்டே, “இந்தப் பூடையா தம்பி? அள்ளிக்கொண்டு போங்கோ” என்பார். ஆனாலும் செடியை அள்ளாமல், முற்றிய காய் இரண்டு மட்டும் எடுங்கள். ஒரு காய்க்குள்ளேயே நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். செடி அங்கேயே நிற்கட்டும்.

வாய்க்கால் துப்புரவு செய்யும்போது கரையில் வாரிப் போட்ட செடிகள் வெயிலில் காயும். அவற்றை எடுப்பதில் ஒருவருக்கும் நட்டமில்லை. என்னுடைய நல்ல செடிகளில் இரண்டு அப்படி வந்தவை.

என்ன தொட்டி, என்ன மண், என்ன தண்ணீர்?

தொட்டி அகலமாக இருக்கவேண்டும். ஆழம் ஒரு முழம் போதும், அகலம் இரண்டு முழத்துக்குக் குறையக்கூடாது. இலைகளுக்குப் பரவ இடமில்லை என்றால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மொட்டை மறைத்துவிடும்.

மண்ணில்தான் எல்லாரும் பிழைவிடுகிறார்கள். பூங்கன்றுக் கடையில் விற்கிற கறுப்புக் கலவையைப் போட்டால், தும்பும் உமியும் மேலே மிதக்கும், தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும். வயல் களிமண் போதும். அதைச் சிறு சட்டியில் அமர்த்தி, கிழங்கை வைத்து, மேலே ஒரு பிடி மணல் தூவி, சட்டியோடு தொட்டிக்குள் இறக்குங்கள். உரம் போடுவதென்றால் ஒரு தேக்கரண்டி பூ உரத்தைக் கடதாசியில் சுற்றிக் களிக்குள் விரலால் அழுத்துங்கள். மாதம் ஒருமுறை போதும். பச்சை மாட்டெரு வேண்டவே வேண்டாம். நாலாம் நாள் வளவுக்குள் நிற்கமுடியாது.

கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு சிக்கல் கிணற்றுத்தண்ணி. 2004 சுனாமிக்குப் பிறகு உவர் ஏறிய கிணறுகள் எத்தனையோ. வாயில் வைத்து உப்புத் தெரிந்தால் ஆம்பலுக்கும் தெரியும், இலை ஓரம் கருகும். மழைத்தண்ணியைப் பரலில் சேர்த்து வையுங்கள். குழாய்த்தண்ணி என்றால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வெயில் ஐந்து ஆறு மணித்தியாலம் வேண்டும். மாமர நிழலில் வைத்துவிட்டு ‘பூக்கவில்லை’ என்று எழுதுகிறவர்களே, முதலில் தொட்டியை இழுத்து வெளியே விடுங்கள்.

நுளம்பு? பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் என்ன சொல்வது?

நியாயமான கேள்வி. டெங்கு நுளம்பு விரும்புவதே இப்படித் தேங்கிய தெளிந்த தண்ணீரைத்தான். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக அதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஒவ்வொரு தொட்டியிலும் நாலைந்து கப்பி மீன் விடுங்கள், சட்டி பேசின்களிலும்தான். மீன் இல்லாத ஒரு பாத்திரமும் வளவில் இருக்கக்கூடாது. விதை முளைக்கப்போடுகிற சின்னப் பாத்திரத்துக்கு மீன் சரிவராது, நாற்றைக் கிளறிவிடும். அதை நுளம்பு வலையால் மூடி இழைநாரால் கட்டுங்கள்.

என் வளவுக்கும் வந்தார்கள். கையில் டோர்ச், ஒரு வெள்ளைக் கரண்டி. பதினான்கு தொட்டியிலும் ஒன்றுமில்லை. பதினைந்தாவது, பின்பக்கம் கவிழ்க்க மறந்த ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. அதற்குள் நெளிந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஆம்பலுக்கு வரவில்லை, ஐஸ்கிரீம் பெட்டிக்குத்தான் வந்தது.

கப்பியைத் தொட்டியோடு வைத்திருங்கள். குளத்தில் கொண்டுபோய் விடவேண்டாம், அதுவும் வெளிநாட்டு மீன்.

கச்சான் காலத்தில் செடி காய்ந்துபோனது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வைகாசி தொடங்கிக் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்க, தொட்டியில் கிழமைக்கு மூன்று விரல் தண்ணீர் இறங்கும். தொடர்ந்து ஊற்றினால் செடி பூத்துக்கொண்டே இருக்கும். ஊற்ற முடியாதவர்கள் பயப்படவேண்டாம். ஆவணியில் சிறுகுளங்கள் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போது நீலாம்பல் என்ன செய்கிறது? இலையைக் கைவிட்டு, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கறுத்த கிழங்காகச் சேற்றுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. ஐப்பசி மழை விழுந்து குளம் கலங்கி இரண்டு மூன்று கிழமையில் சிவந்த சிறு இலை மேலே வரும்.

உங்கள் சட்டியையும் அப்படியே ஈரச்சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். கிழங்கை அமர்த்திப் பாருங்கள். கல்லு மாதிரி இருந்தால் உயிர் இருக்கிறது. அழுத்தக் கூழானால் விடை கொடுங்கள்.

மகரந்தம் சேர்ப்பது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். ஐரிஸில் மகரந்தத்தாள் மூன்றே மூன்று. ஒவ்வொன்றும் ஒரு கூரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். கண்டுபிடித்தால் வேலை சுலபம். ஆம்பலில் தாள்கள் கூட்டமாக நிற்கும். கஷ்டம் எண்ணிக்கையில் இல்லை, நேரத்தில்.

ஆம்பல் பூ மூன்று நான்கு நாள் விரிந்து விரிந்து கூம்பும். முதல் நாள் அது பெண், அடுத்த நாட்களில் ஆண். முதல் நாள் காலை நடுவே எட்டிப் பாருங்கள். சிறு கிண்ணம் போல ஒரு குழி, அதற்குள் தெளிந்த, லேசாக இனிக்கிற நீர். சுற்றி நிற்கிற தாள்கள் இன்னும் வெடித்திருக்காது. வேறு பூவிலிருந்து மகரந்தம் பூசி வருகிற தேனீ அந்த நீரில் வழுக்கி விழுந்து கழுவப்படும். சிலது ஏறமுடியாமல் அங்கேயே செத்தும் போகும். மறுநாள் கிண்ணம் வற்றிவிடும், தாள்கள் உள்நோக்கி வளைந்து குழியை மூடும், மஞ்சள் தூள் கொட்டும். தன் தூள் தன்மேலேயே விழாமல் இருக்கப் பூ செய்துகொண்ட ஏற்பாடு இது. நாம் அதற்குள் நுழையவேண்டும்.

நாளைக்கு விரியப்போகிற மொட்டு இன்று பின்னேரமே தெரியும். தண்ணீருக்கு மேல் ஒரு சாண் எழுந்து, பச்சைப் புறவிதழ் நுனியில் நீலக் கீற்றுக் காட்டும். அதன்மேல் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள். விடிந்து ஏழு மணிக்கு, தேனீ வருமுன் பையைக் கழற்றி, இதழ்களை விரலால் மெதுவாக விரித்து, நகம்வெட்டும் சின்னக் கத்தரிக்கோலால் தாள்களை வெட்டி எடுங்கள். தகப்பன் பூ இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் பூவாக இருக்கவேண்டும். அதன் வெடித்த தாள் நாலைந்தைப் பிடுங்கி, கிண்ண நீருக்குள் போட்டு ஈர்க்கால் கலக்குங்கள். திரும்பப் பையைக் கட்டுங்கள். காம்பில் நூல் கட்டி, அட்டையில் தாய், தகப்பன், தேதி எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனை மை முதல் மழைக்கே போய்விடும், எனக்கு ஒரு வருட உழைப்பு அப்படித்தான் பெயர் தெரியாத பிள்ளைகளாகப் போனது.

நாலைந்து நாளில் காம்பு வளைந்து பூவைத் தண்ணீருக்கடியில் இழுத்துக்கொண்டு போனால் சரி, கருக்கட்டிவிட்டது. மேலேயே மிதந்து குழைந்தால் அடுத்த மொட்டைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நகரத்துக்குள் இருக்கிறவர்கள் தொட்டிக்கு வலை அடியுங்கள். திருகோணமலைக் கோட்டையில் திரிகிற மான்கள் இரவில் றோட்டுக்கு இறங்கி வருவது உங்களுக்கும் தெரியும். ஒருநாள் காலை எழும்பிப் பார்த்தால், பை கட்டியிருந்த ஏழு மொட்டில் ஒன்றுமில்லை. இலைகள் பாதி பாதியாகக் கடித்துக் கிடக்கின்றன. வாசலில் ஒரு புள்ளிமான் துணிப்பையை வாயில் தொங்கவிட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

விதையை எப்போது எடுப்பது, எப்படி முளைக்கப்போடுவது?

காய் முற்ற மூன்று நான்கு கிழமை. இரண்டாவது கிழமையிலேயே காயைச் சுற்றி வலைப்பை கட்டிவிடுங்கள். அது தண்ணீருக்குள் திடீரென்று வெடிக்கும். விதைகள் வழுவழுப்பான உறையோடு மேலே மிதந்து, சில மணிநேரத்திலோ மறுநாளோ ஆங்காங்கே மூழ்கிவிடும். பை இல்லை என்றால் தொட்டி முழுக்க நாற்று, எது எந்தத் தாயின் பிள்ளை என்று தெரியாது.

உறை அழுகட்டும் என்று இரண்டு மூன்று நாள் தண்ணீரிலேயே விட்டு, தேத்தண்ணி வடியில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். கடுகைவிடச் சின்னது. விதைக்கும்போது ஒரு பேசினில் இரண்டு விரல் களி, அதன்மேல் இரண்டு விரல் தண்ணீர். தூவிவிட்டு வெயிலில் வையுங்கள். ஒன்று முதல் மூன்று கிழமையில் நூல் போல முளை, பிறகு ஈட்டிமுனை மாதிரி இலை. மிதக்கிற முதல் இலை வந்ததும் தனிச் சட்டிக்கு மாற்றலாம். நம் வெயிலுக்கு ஐந்தாறு மாதத்தில் முதல் பூவைப் பார்க்கலாம். ஐரிஸ்காரர் விதை போட்டுப் பூப்பார்க்க இரண்டு மூன்று வருடம் காத்திருப்பார்கள். இதில் மட்டும் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

எதை எதோடு கலக்கலாம்?

பகலில் பூப்பது பகலில் பூப்பதோடு, இரவில் பூப்பது இரவில் பூப்பதோடு. நீலாம்பலையும் அல்லியையும் கட்டிவைக்க எத்தனை பேர் முயன்றாலும் சுலபத்தில் கூடாது. தாமரையோடு நடக்கவே நடக்காது. குளிர்நாட்டு ஆம்பலைப் பிரான்சில் லத்தூர் மார்லியாக் என்பவர் 1875-இல் நாற்றுப்பண்ணை போட்டுக் கலந்து கலந்துதான் மஞ்சளும் சிவப்புமாக ஐரோப்பாவுக்குக் காட்டினார். ஓவியர் மொனே தன் குளத்துக்கு ஆம்பல் வாங்கியது அவரிடமிருந்துதான். குளிர்நாட்டு ஆம்பலில் நீல நிறம் இல்லை என்ற குறையைத் தாய்லாந்துக்காரர் ஒருவர் 2007-இல் வெப்பநாட்டு ஆம்பலோடு கலந்து தீர்த்தார். அது பெரிய சாதனை.

நான் கலப்பதில்லை. நீலாம்பலை நீலாம்பலோடுதான் சேர்க்கிறேன். மூதூர்ப் பக்கத்துச் செடி தாய், பன்குளத்துச் செடி தகப்பன் என்று. பிள்ளைகளில் எதன் நீலம் ஆழம், எது கச்சானைத் தாங்குகிறது, எது அதிகம் பூக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். இதுவும் இனவிருத்திதான். வெளியிலிருந்து ஒன்றும் கொண்டுவராத இனவிருத்தி.

கலப்பினம் செய்தால் என்ன பிழை? அழகுதானே?

தொட்டிக்குள் செய்தால் பிழையே இல்லை. குளத்தில் விட்டால்தான் பிழை. ஆகாயத்தாமரையை அழகுக்காகக் கொண்டுவந்து, அது தண்ணீரை மூடத் தொடங்கியதும் 1909-இலேயே அதற்கென்று தனிச் சட்டம் போட்ட நாடு இது. சட்டம் போட்டு நூறு வருடம் கடந்தும் ஆகாயத்தாமரை நிற்கிறது. பிறகு 1939-இல் படிப்புக்கென்று வந்த சல்வீனியா என்ற மிதக்கும் களை வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்குள் போனது. ஊதா ஆம்பலும் அதே வழியில்தான் போகிறது. வளர்த்து அலுத்துப்போனால் வெயிலில் காயவைத்து எரியுங்கள் அல்லது குழி வெட்டித் தாழுங்கள். ‘பாவம், குளத்தில் விட்டேன்’ என்று யாரும் எனக்கு எழுதவேண்டாம்.

என் பூவுக்கு நான் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். புதிய ஆம்பல் வகைகளைப் பதிவுசெய்கிற வேலை 1984-இல் தொடங்கிய சர்வதேச நீராம்பல் சங்கத்துடையது. ஐரிஸுக்கு 1920-இல் தொடங்கிய அமெரிக்க ஐரிஸ் சங்கம் அதே வேலையைச் செய்கிறது. பதிவுக்குப் படம், அளவு, தாய் தகப்பன் விவரம் எல்லாம் வேண்டும். அதனால்தான் பென்சிலால் எழுதுங்கள் என்கிறேன். காட்டிலிருந்து எடுத்த செடிக்கு உங்கள் மகளின் பெயரை வைத்துப் பதிய முயலவேண்டாம். அதற்கு ஏற்கெனவே இரண்டாயிரம் வருடத்துப் பெயர் இருக்கிறது.

பூவைக் கொண்டாட ஒரு நாள் வைக்கலாமா?

நாங்கள் மாசியில் ஒரு ஞாயிறு வைக்கிறோம். மேடை, மாலை, பிரதம விருந்தினர் ஒன்றும் கிடையாது. ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பேசினில் தன் பூவோடு வருவார்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு நானா ஓட்டோவின் பின்சீற்றில் பேசினை மடியில் வைத்துக்கொண்டு வருவார். வந்து சேரும்போது பாதித் தண்ணீர் அவருடைய சாரத்தில் இருக்கும். பூ விரிய ஒன்பது மணியாகும், அதுவரை பால்தேத்தண்ணி. விரிந்ததும் பிள்ளைகள் இதழ் எண்ணுவார்கள், நாங்கள் நிறத்தைப் பற்றிச் சண்டைபிடிப்போம். பழைய தமிழில் ஆம்பலும் குவளையும் பேரெண்களின் பெயர்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். கோடிக்கு மேலே எண்ண ஒரு பூ. போகும்போது விதைப் பொட்டலம் மாற்றிக்கொள்வோம்.

ஒரு பாடசாலை இதைத் தங்கள் முற்றத்தில் நடத்தக் கேட்டது. ஒத்துக்கொண்டு போனால், பேசின்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வரவேற்புரையும் நன்றியுரையும் முடியப் பின்னேரம் மூன்றரை. பூவெல்லாம் கூம்பிவிட்டது. உங்கள் ஊரில் வைப்பதென்றால் பேச்சைப் பன்னிரண்டுக்குள் முடியுங்கள்.

சாப்பிடலாமா?

அல்லித் தண்டை நாருரித்துப் பால்கறி வைப்பார்கள், நன்றாக இருக்கும். ஓலு விதையை அரிசி போலச் சமைக்கிற வழக்கமும் இந்த நாட்டில் உண்டு. புறநானூற்றில் ஒரு கைம்பெண் சொல்வாள்: சின்ன வெள்ளாம்பல் இளமையில் எனக்குத் தழையுடையானது, கணவன் போனபின் வேளை தவறி உண்கிற அல்லியரிசியானது என்று. அந்தப் பாட்டைப் படித்தபிறகு எனக்கு அல்லியரிசிச் சோறு தொண்டையில் கொஞ்சம் நின்றுதான் இறங்குகிறது. தொட்டியில் உரம் போட்டு வளர்த்ததைச் சமைக்கவேண்டாம்.

இலையை வட்டமாக யாரோ வெட்டுகிறார்கள். யார்?

ஒரு அந்துப்பூச்சியின் புழு. இலையில் ஒரு துண்டை வெட்டி, அதைத் தோணியாக்கி, அடியில் ஒளிந்து மிதக்கும். மிதக்கிற துண்டுகளை அள்ளி நசுக்குங்கள். மொட்டில் அப்புகிற கறுத்த அசுவணியைக் குழாய்த்தண்ணியால் அடித்துத் தண்ணீரில் தள்ளினால் கப்பி பார்த்துக்கொள்ளும். மருந்து அடித்தால் மீன் சாகும், பிறகு நுளம்பு, பிறகு வெள்ளைக் கரண்டி.

விதை தருவீர்களா?

தருவேன், காசு வேண்டாம். ஒரு பொட்டலத்தில் முப்பது விதை, எந்தக் குளத்துத் தாய், எந்தக் குளத்துத் தகப்பன் என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தை நீங்களும் உங்கள் தொட்டியில் ஒட்டவேண்டும். உங்கள் வளவில் ஊதா நின்றால் முதலில் அதை எடுத்துவிட்டு வாங்க வாருங்கள். ஆனி, ஆடியில் வரவேண்டாம், பொட்டலம் எல்லாம் முடிந்திருக்கும். வரும்போது நுளம்பு வலைத்துணி ஒரு முழம் கொண்டுவந்தால் நல்லது. மான் தின்றதற்கு இன்னும் ஈடு செய்து முடியவில்லை.